கணக்கும் சாட்சியும்

எங்கள் மானாம்பதியிலிருந்து உத்திரமேரூருக்குச் செல்லும் போதெல்லாம், வேலை முடிந்த பின் சிறிது நேரமேனும் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் அமர்ந்துவிட்டு வருவது என் வழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட விதிகள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. குடவோலை முறையைப் பற்றி நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகின்றனர். என்னை ஒவ்வொரு முறையும் ஈர்ப்பது அதனையடுத்து வரும் வேறொரு விதி. வாரியத்தில் அமர்ந்து பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாமற் போனவர் மீண்டும் குடத்தில் பெயர் இடப்பெறும் தகுதியை இழக்கிறார். அவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் இழக்கின்றனர். நிலமும் மறைக்கல்வியும் உடைய அந்தணரின் சபை அது. நம்மில் பலருடைய முன்னோர்க்கு அங்கு இடம் இருந்திராது. ஆயினும் அதிகாரத்தில் இருந்தவன் கணக்குக் காட்டியே ஆகவேண்டும் என்னும் எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு அக்கல்லே போதும்.

ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் கணக்குக் கேட்டார்கள். உயிருக்குக் கணக்குக் கேட்பவர் யார்? அரசு தந்த ஆயுதத்தை ஏந்தியவர்கள், அல்லது அவர்களின் நிழலில் ஒதுங்கி நின்றவர்கள், ஓர் உயிரைப் பறித்தால் அதனை விசாரிக்கும் கடமை காவல்துறையைச் சேர்ந்தது. காவல்துறையோ அதே அரசின் மற்றொரு கை. இந்தச் சிக்கலை நூல்களில் படித்தறிவதைக் காட்டிலும் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு பார்ப்பது நலம். நம் திருச்சபையின் பீடத்தருகிலேயே நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

2005ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழா. இலங்கையின் கீழ்க்கரையில் உள்ள மட்டக்களப்பில் புனித மரியன்னை பேராலயம் நள்ளிரவுத் திருப்பலிக்கு நிறைந்திருந்தது. ஜோசப் பரராஜசிங்கம் தம் துணைவியாருடன் வந்திருந்தார். எழுபத்தொரு வயது நிரம்பிய அவர் 1990 முதல் நாடாளுமன்ற உறுப்பினர். வடகிழக்கில் மனித உரிமைகளைக் கண்காணிப்பதற்கென 2004இல் அமைக்கப்பெற்ற செயலகத்தின் நிறுவுநருள் ஒருவர். படையினரால் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பவர் என்று அறியப்பட்டவர். அன்றிரவு ஆயர் கிங்ஸ்லி சுவாம்பிள்ளையின் கையிலிருந்து நற்கருணை பெற்றுத் தம் இருக்கைக்குத் திரும்பிய வேளையில் அவர் சுடப்பட்டார். துணைவியாரும் வேறு சிலரும் காயமுற்றனர். பேராலயம் இருந்த பகுதி படையினரின் கடும் காவலுக்கு உட்பட்டது. வருவோரும் போவோரும் சோதிக்கப்பட்ட காலம் அது. சுட்டவர்களோ அத்தனை காவலையும் கடந்து போய்விட்டனர்.

இதில் நம் நெஞ்சைத் தைக்கவேண்டியது ஒன்றுண்டு. அக்கொலை காட்டிலோ இருட்டிலோ நடைபெறவில்லை. விளக்குகள் எரிய, நூற்றுக்கணக்கான இறைமக்கள் நடுவே நடைபெற்றது. அப்படியிருந்தும் பத்து ஆண்டுகள் இவ்வழக்கில் ஒருவரும் கைதாகவில்லை.

அந்த மக்களைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ச் சாலையில் மிதிவண்டியில் வந்த கூலியாள் ஒருவரை லாரி ஒன்று மோதித் தள்ளிவிட்டு விரைந்தது. அதன் எண்ணை நான் தெளிவாகக் கண்டேன். காவலர் வந்து, 'பார்த்தவர் யாரேனும் உண்டா?' என்று கேட்டபோது கூட்டத்தின் பின்னால் மெல்ல நகர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நீதிமன்றப் படிகளில் பலமுறை ஏறி இறங்கவேண்டுமே என்ற சோம்பல்தான் காரணம். என்னை மிரட்டுவதற்கு ஒருவரும் இல்லை. என் வாசலில் வெள்ளை வேன் வந்து நிற்கப் போவதுமில்லை. அப்படிப்பட்ட நான், மட்டக்களப்பில் வாய்மூடியவர்களைப் பற்றி என்ன சொல்ல இயலும்?

எனினும் அந்த மௌனத்தை விளைவித்தது எது என்று ஆராயத்தான் வேண்டும். பரராஜசிங்கம் கொல்லப்பட்ட எட்டாம் நாள், 2006 ஜனவரி 2 அன்று, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தே இறந்தனர் என்பது முதலில் படைத்தரப்புச் சொன்ன விளக்கம். 'சுடர் ஒளி' நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் மருத்துவமனைப் பிணவறைக்குச் சென்று உடல்களைப் படம் எடுத்தார். தலையில் துப்பாக்கிக் குண்டு துளைத்த காயங்கள் அப்படங்களில் தெளிவாகத் தெரிந்தன. கைக்குண்டுக் கதை அன்றே பொய்யாயிற்று. அம்மாதம் 24ஆம் நாள் சுகிர்தராஜன் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொல்லப்பட்ட மாணவருள் ஒருவரின் தந்தையாகிய மருத்துவர் மனோகரன் துணிந்து சாட்சி சொன்னார். அச்சுறுத்தல்கள் தொடரவே குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறினார். கண்டவர் சொன்னால் என்ன நேரும் என்பதை அந்த ஒரு மாதத்திலேயே கிழக்கு மாகாணம் முழுவதும் கற்றுக்கொண்டது.

அயல்நாடுகளின் வற்புறுத்தல் மிகுந்தபோது, 2006 நவம்பரில் இலங்கை அரசு நீதியரசர் நிசங்க உடலாகம தலைமையில் ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. அதன் முன் வைக்கப்பட்ட பதினாறு நிகழ்ச்சிகளில் பரராஜசிங்கத்தின் கொலை ஒன்று. திருகோணமலை மாணவர் கொலை மற்றொன்று. யாழ்ப்பாணத்தை அடுத்த அல்லைப்பிட்டியில் புனித பிலிப்பு நேரி ஆலயப் பங்குத்தந்தையாக இருந்த அருட்பணி ஜிம் பிரவுன் 2006 ஆகஸ்டில் கடற்படைச் சோதனைச் சாவடிப் பக்கம் சென்று காணாமற் போனது இன்னொன்று. ஆணைக்குழுவின் பணி உலகத் தரத்துக்கு ஏற்ப நடைபெறுகிறதா என்று பார்ப்பதற்காகப் பன்னாட்டு வல்லுநர் பதினொருவர் அழைக்கப்பட்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் நம் நாட்டின் முன்னாள் தலைமை நீதிபதி பி. என். பகவதி. ஏழை எளியவர் எழுதும் அஞ்சலட்டையையும் மனுவாக ஏற்கலாம் என்னும் பொதுநல வழக்கு முறையை இந்தியாவில் வளர்த்த முன்னோடிகளுள் ஒருவர் அவர்.

அத்தகையவரே 2008இல் தம் குழுவினருடன் விலகிக்கொள்ள நேர்ந்தது. அவர்கள் சொன்ன காரணங்கள் இன்றும் படிக்கத்தக்கவை. காவல்துறையின் தொடக்க விசாரணையில் சட்டமா அதிபர் திணைக்களம் ஆலோசனை வழங்குகிறது. அவ்விசாரணை ஒழுங்காக நடந்ததா என்று ஆராயும் ஆணைக்குழுவுக்கும் அதே திணைக்களத்தாரே துணை நிற்கின்றனர். சாட்சிகளைக் காக்கச் சட்டம் இல்லை. உண்மையைத் தேடும் அரசியல் மனத்திண்மையும் இல்லை. கணக்கு எழுதியவரே கணக்கைத் தணிக்கை செய்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது நிலைமை. ஆணைக்குழு 2009இல் முடிவுற்றபோது பதினாறில் ஏழு நிகழ்ச்சிகளே விசாரிக்கப்பட்டிருந்தன.

2015இல் ஆட்சி மாறியது. உறங்கிக் கிடந்த கோப்புகள் எழுந்தன. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் அவ்வாண்டு அக்டோபரில், கிழக்கு மாகாண முதலமைச்சராக முன்னர் இருந்தவரும் பிள்ளையான் என அறியப்பட்டவருமான சிவநேசதுரை சந்திரகாந்தனைக் கைது செய்தனர். விடுதலைப் புலிகளிலிருந்து பிரிந்து அரசின் பக்கம் சேர்ந்த குழுவின் தலைவருள் ஒருவர் அவர். இராணுவப் புலனாய்வுப் பிரிவைச் சேர்ந்தவர் எனக் கூறப்பட்ட ஒருவரும் குற்றம் சாட்டப்பட்டோருள் இருந்தார். ஐந்து ஆண்டுகள் விளக்கமறியலில் கழிந்தன. 2020 ஆகஸ்டில் சிறையிலிருந்தவாறே தேர்தலில் நின்று பிள்ளையான் நாடாளுமன்ற உறுப்பினரானார். பின்னர், வழக்கின் முதுகெலும்பாக இருந்த வாக்குமூலங்கள் சான்றாக ஏற்கத்தக்கவை அல்ல என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. 2021 ஜனவரியில் வழக்கை மேற்கொண்டு நடத்தப்போவதில்லை என்று சட்டமா அதிபர் அறிவித்தார். 13ஆம் நாள் மட்டக்களப்பு மேல் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது.

நீதிமன்றம் விடுவித்தவரைக் குற்றவாளி என்று எழுதுவது அறமாகாது. நான் எழுதவும் இல்லை. அவர் குற்றமற்றவராயின் ஐந்தாண்டுச் சிறை அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி. குற்றம் செய்தவராயின் விடுதலை பரராஜசிங்கத்துக்கு இழைக்கப்பட்ட அநீதி. எது உண்மை என்று சொல்ல இயலாத இடத்தில் வழக்கைக் கொண்டுபோய் நிறுத்தியது வாக்குமூலத்தை மட்டும் நம்பிய புலனாய்வு.

இங்கே சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். காவல் அதிகாரியிடம் ஒருவர் தரும் குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராகச் சான்றாக்கலாகாது என்பது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் வகுத்த விதி. அச்சட்டத்தைத் தழுவி 1895இல் இயற்றப்பட்ட இலங்கைச் சட்டத்திலும் அது உண்டு. 2024 ஜூலை முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டமும் அதனைக் கைவிடவில்லை. அடித்தும் அச்சுறுத்தியும் பெறும் சொல் உண்மையைச் சொல்லாது என்பதை ஆங்கில ஆட்சியாளரே உணர்ந்திருந்தனர். காவல்நிலையங்களில் நடப்பதை அவர்கள் அறிவார்களன்றோ! இவ்விதிக்கு விலக்குத் தந்தவை பிற்காலத்துச் சிறப்புச் சட்டங்கள்: இலங்கையில் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், இந்தியாவில் 1987இன் தடா.

தடா என்றவுடன் எங்கள் பகுதியினருக்கு நினைவுக்கு வருவது திருப்பெரும்புதூர். 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தியும் உடனிருந்த பலரும் அங்கே குண்டுவெடிப்பில் மடிந்தனர். சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு முதல் வழியைத் திறந்து காட்டியது எவருடைய வாக்குமூலமும் அன்று. அதே வெடிப்பில் இறந்துபோன புகைப்படக்காரர் ஒருவரின் கேமராவில் எஞ்சியிருந்த படச்சுருள். அந்தப் படங்கள் இல்லையேல் கொலையாளியின் முகமே தெரிந்திராது. ஆனால் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது அதன் பெரும்பாரத்தைத் தாங்கியவை தடாவின் கீழ்ப் பதிவான வாக்குமூலங்கள். 1998 ஜனவரியில் சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதனை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாக்கி, ஏனைய பத்தொன்பது பேரை விடுவித்தது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார்: தாம் வாங்கித் தந்த மின்கலம் எதற்குப் பயன்படப்போகிறது என்பது தமக்குத் தெரியாது என்று பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாக. ஒரே ஒரு வாக்கியம் விடுபட்டது. அதன் விலையாகத் தூக்குமேடையின் நிழலில் ஒருவருடைய இளமை கழிந்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

வாக்குமூலம் ஒருவரை வீணே சிறையில் வைக்கவும் வல்லது, கொலையாளியை வெளியே விடவும் வல்லது. நிலைத்து நிற்பது கண்டவரின் சொல்லும் மண்ணிலிருந்து கிடைக்கும் தடயமுமே. இலங்கையில் படைவீரர் தண்டனை பெற்ற மிகச் சில வழக்குகளை உற்றுநோக்கினால் இது விளங்கும்.

2000 டிசம்பர் 19 அன்று, போரினால் இடம்பெயர்ந்திருந்த சிலர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மிருசுவிலில் தம் வீடுகளைப் பார்த்துவரவும் விறகு சேர்க்கவும் சென்றனர். ஐந்து வயதுக் குழந்தை உட்பட எண்மர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டுக் கழிவறைக் குழியில் புதைக்கப்பட்டனர். ஒருவர் மட்டும் காயங்களோடு தப்பி ஓடினார். ஓடியதோடு நில்லாமல், நடந்ததைச் சொன்னார், இடத்தைக் காட்டினார், ஆட்களையும் அடையாளம் காட்டினார். நீதவான் முன்னிலையில் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அவர் சொல்லும் குழியில் கிடைத்தவையும் ஒத்துப்போயின. பதினைந்து ஆண்டுகள் இழுத்தபோதும் வழக்கு முறியவில்லை. 2015 ஜூனில் படைவீரர் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மற்ற நால்வர் விடுவிக்கப்பட்டனர். 2019இல் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் தண்டனையை உறுதி செய்தனர்.

2020 மார்ச் 26. கொரோனா நோய்க்கு அஞ்சி ஊரடங்கில் நாடே அடைபட்டிருந்த நாள். குடியரசுத் தலைவர் கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கி விடுதலை செய்தார். மன்னிப்பைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம்; மறையுரைகளில் நிறையக் கேட்கிறோம். ஆனால் கொல்லப்பட்டவரின் உறவினரை ஒரு சொல்லும் கேளாமல், குற்றம் செய்தவரிடமிருந்து ஒரு சொல்லும் பெறாமல் வழங்கப்படுவதற்கு வேறு பெயர் தேடவேண்டும். பதினைந்து ஆண்டுகள் அச்சத்தோடு காத்திருந்து சொல்லிய அந்த ஒருவர் அன்று செய்தியைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். திருகோணமலை மாணவர் வழக்கில் கைதான சிறப்பு அதிரடிப் படையினர் பதின்மூவரும் முன்னதாகவே, 2019 ஜூலையில், போதிய சான்றில்லை என்று விடுவிக்கப்பட்டிருந்தனர்.

இவற்றைச் சொல்லும்போது அயலாரைச் சுட்டும் விரல் நம் பக்கமும் திரும்பத்தான் செய்கிறது. 2021 டிசம்பர் 4 அன்று நாகாலாந்தின் ஓட்டிங் சிற்றூரில், நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பிய தொழிலாளரைத் தீவிரவாதிகள் என்று கருதி இந்தியப் படையினர் சுட்டனர். அதில் அறுவர் மாண்டனர். அதனைத் தொடர்ந்த கலவரத்திலும் சேர்த்துப் பதினான்கு பொதுமக்கள் உயிரிழந்தனர். நாகாலாந்துக் காவல்துறை தயங்கவில்லை. சிறப்புக் குழு அமைத்து விசாரித்து, மறு ஆண்டே ஓர் அதிகாரி உள்ளிட்ட முப்பது படையினர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஆனால் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தின்படி நடுவண் அரசின் இசைவின்றி அவர்கள் மீது வழக்கு நடத்த இயலாது. 2023இல் அந்த இசைவு மறுக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நடவடிக்கைகளை முடித்துவைத்தது. அங்கே புலனாய்வு இருந்தது, சாட்சிகள் இருந்தனர். இசைவு ஒன்றுதான் இல்லை.

நம் மறையில் உயிர்தந்து விசுவாசத்தைக் காத்தவர்களை மறைசாட்சிகள் என்கிறோம். அவர்களைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லும் முதலில் நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவனையே குறித்தது. கண்டதைச் சொல்வதும் அதற்காகத் துன்புறுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. ஆயினும் சாட்சி சொல்பவன் சாகவேண்டும் என்று சமுதாயம் எதிர்பார்ப்பது முறையன்று. அவனைக் காப்பது அரசின் கடமை. இந்தியாவில் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை 2018இல்தான் உச்ச நீதிமன்றம் ஏற்று நடைமுறைப்படுத்தியது. இலங்கையில் அதற்கான சட்டம் 2015இல்தான் வந்தது. மட்டக்களப்புப் பேராலயத்தில் இருந்தவர்களுக்கு அது பத்து ஆண்டு காலம் தாழ்ந்த உதவி.

கடைசியாகச் செம்மணி. 1996 செப்டம்பர் 7 அன்று யாழ்ப்பாணம் சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசுவாமி தேர்வு எழுதிவிட்டு மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில், செம்மணிச் சோதனைச் சாவடியில் தடுக்கப்பட்டார். அதனைக் கண்ட ஒருவர் வீட்டுக்குச் செய்தி சொன்னார். தேடிச் சென்ற தாயும் தம்பியும் அண்டை வீட்டுக்காரரும் திரும்பவில்லை. கண்டவர் சொல்லாதிருந்தால் அம்மாணவியின் பெயரும் காணாமற் போனோர் பட்டியலில் ஒரு வரியாக மட்டும் நின்றிருக்கும். உடல்கள் கண்டெடுக்கப்பட்டன; மூன்று நீதிபதிகள் முன் கொழும்பில் விசாரணை நடந்தது; 1998 ஜூலை 3 அன்று லான்ஸ் கார்ப்பரல் சோமரத்ன ராஜபக்சவும் வேறு சிலரும் மரண தண்டனை பெற்றனர். தீர்ப்பு வந்தபோது சோமரத்ன எவரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்: செம்மணியில் முந்நூறு முதல் நானூறு உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன, இடத்தை என்னால் காட்டமுடியும்.

1999இல் தோண்டியபோது பதினைந்து உடல்கள் கிடைத்தன. அதன்பின் கால் நூற்றாண்டு அந்த மண் மூடியே கிடந்தது. 2025 பிப்ரவரியில், செம்மணியை அடுத்த சித்துப்பாத்தி இடுகாட்டில் எரியூட்டுமேடை கட்டுவதற்காகக் குழி வெட்டியவர்களின் கண்ணில் மனித எலும்புகள் பட்டன. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழ்வு நடந்தது. சில மாதங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒரு சிறு குழந்தையினுடையதும் உண்டு. அதனருகே நீல நிறப் புத்தகப்பையும் பொம்மையும் கிடந்தன.

அவ்வாண்டே சோமரத்னவின் மனைவி நாட்டின் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். மரண தண்டனைக் கைதியாக இருபத்தேழு ஆண்டுகளைச் சிறையில் கழித்துவிட்ட தம் கணவர், பன்னாட்டு விசாரணை ஒன்று நடக்குமாயின் தாம் அறிந்தவற்றைச் சாட்சியாகச் சொல்ல ஆயத்தமாக இருக்கிறார் என்று அதில் கண்டிருந்தது.